பெய்யாத ஏழு மில்லிமீட்டர்

2023 ஜூலை 14, வெள்ளிக்கிழமை. ஐந்தே காலுக்கு எழுந்தேன். ஐந்தரைக்கு சொசைட்டியில் அரை லிட்டர் பால் வாங்கினேன். ஏழு மணிக்குள் சமையல் முடிந்தது. எட்டரைக்கு வாசல் ஓரம் நட்டிருக்கும் மழைமானியைத் திறந்தேன். உள்ளே ஒரு வேப்பிலையும் கொஞ்சம் புழுதியும் இருந்தன. நோட்டில் தேதி போட்டுக்கொண்டிருக்கும்போதே தங்கையின் போன் வந்தது.

தங்கை வாழ்க்கைப்பட்டது இடுக்கியில் ஒரு தேயிலை எஸ்டேட்டில். அங்கே மழை அளப்பது அவள் கணவரின் வேலை. தினமும் அவள் அளவைச் சொல்வாள், நான் எழுதிக்கொள்வேன். என் நோட்டில் மூன்று கட்டங்கள்: முதலாவது பாலக்காட்டுப் பக்கம் எங்கள் கொழிஞ்சாம்பாறை, அடுத்தது அவள் எஸ்டேட், மூன்றாவது குறிப்பு. எதையாவது அடித்துத் திருத்தினால் குறிப்பில் காரணம் எழுதிவிடுவேன். ‘பூனை தட்டிவிட்டது’, ‘கண்ணாடி போடாமல் பார்த்தது’ என்றெல்லாம் அதில் உண்டு.

இரண்டு ஊர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததுதான் என் தப்பு. அவள் நகையையோ வீட்டையோ பார்த்து நான் ஏங்கியதில்லை. அவள் மழையைத்தான் பொறுக்க முடியவில்லை. அவள் கட்டத்தில் ஜூன் தொடங்கியதிலிருந்து எண்கள் நெருக்கியடித்து நின்றன. என் கட்டத்தில் பூஜ்யத்துக்குக் கீழே பூஜ்யம். எங்கள் பங்குக்கு வருவது காற்று மட்டும். மேகங்கள் தலைக்கு மேலேயே பொள்ளாச்சிப் பக்கம் போகும். பஸ் நிற்காத ஸ்டாப்பில் நிற்பவளைப் போல அண்ணாந்து பார்ப்பேன். அவள் அட்டைக்கடி என்று புலம்பினாலும், மழைக்காகப் பள்ளிக்கூடம் லீவு என்று அலுத்துக்கொண்டாலும் எனக்கு வயிறு எரியும்.

“அக்கா, மூணு இஞ்ச் பத்து சென்ட்டு” என்றாள். எஸ்டேட்டில் இன்னும் இஞ்ச் கணக்குதான், இஞ்சில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்டு. எழுபத்தெட்டு புள்ளி ஏழு மில்லிமீட்டர் என்று மாற்றி எழுதினேன்.

“துணி ஒண்ணும் காயலக்கா. இவரு பனியன அடுப்பு மேல தொங்கப் போட்டேன், கருவாட்டு வாசம் அடிக்குது. உனக்கென்ன, பத்து நிமிசத்துல காஞ்சிரும். குடுத்து வச்சவ நீ.”

குடுத்து வச்சவ. அந்தச் சொல்லைத்தான் தாங்க முடியவில்லை.

“இங்கயும் ராத்திரி மழைதான். ஏழு மில்லிமீட்டர்” என்றேன்.

“நெசமாவா! ஏழுன்னா எங்கூட்டுக் கோழி குளிக்கக்கூடப் பத்தாது. இருந்தாலும் சந்தோசம்க்கா. இவருகிட்டச் சொல்றேன்.” அவளுக்கு உண்மையாகவே சந்தோஷம். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

வாய் ஒன்று சொல்லி நோட்டு ஒன்று சொல்லக் கூடாது என்பது என் வழக்கம். அதனால் என் கட்டத்தில் 7 என்று எழுதினேன். அவள் எண்ணுக்குப் பக்கத்தில் அது கொஞ்சம் கௌரவமாகக்கூட இருந்தது.

சாயங்காலம் எங்கள் பகுதி நெல் விவசாயிகள் சமிதியின் செயலாளர் வந்தார்.

“ஏனுங்க்கா, நாளைக்கு ஒம்பது மணிக்கு வாய்க்கால் தண்ணி கேட்டு நம்ம சித்தூர் இரிகேசன் ஆபீசுக்குப் போறமுங்க. மழ நோட்டு வேணுமுங்க. போன தடவ உங்க கையெழுத்தப் பாத்துட்டுத்தான் நம்புனாங்க.”

“நோட்டு எதுக்குங்க? காய்ஞ்சு கெடக்கறது கண்ணுக்குத் தெரியாதுங்களா?”

“ஆபீசருக்குக் காயிதந்தானுங்க கண்ணு. நீங்க போட்ட முட்டைகள வெச்சுக் கோழிப்பண்ணையே ஆரம்பிக்கலாமுங்க. அது போதும், தண்ணி வந்துரும்.”

காலையில் தருகிறேன் என்று அனுப்பினேன். நாற்றங்காலில் எல்லாருடைய நாற்றும் மூத்துக்கொண்டிருந்தது, எங்கள் முக்கால் ஏக்கருக்கானதும்தான். நேற்றே மழை பெய்திருக்கிறதே என்று அந்த அதிகாரி என் 7-இல் விரல் வைத்தால் செயலாளர் என்ன சொல்வார்? பக்கத்தைக் கிழிக்க வழியில்லை. எல்லாப் பக்கத்துக்கும் நானே எண் போட்டிருக்கிறேன். அடித்துத் திருத்தலாம். ஆனால் காரணம் எழுத வேண்டும், அதை ஆபீசில் நாலு பேர் படிப்பார்கள். பூனை என்று எழுதலாமா என்றும் யோசித்தேன். ஒரு பொய்யை மறைக்கப் பூனையை இழுப்பதா?

மறுநாள் ஐந்தே காலுக்கு எழுந்ததும், பாலுக்குப் போவதற்கு முன்பு, நோட்டைத் திறந்து 7-ஐ ஒரே கோட்டில் அடித்தேன். மேலே 0 போட்டுக் கையெழுத்திட்டேன். குறிப்புக் கட்டத்தில் எழுதினேன்: ‘மழை இல்லை. தங்கையின் மேல் பொறாமை.’