மூன்றாவது பை

தாத்தாவின் பச்சை பெல்ட் என் தகரப் பெட்டியில், பழைய சேலைகளுக்கு அடியில் கிடக்கிறது. எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் வேட்டிக்கு மேல் கட்டிக்கொள்ளும் அகலமான பெல்ட். அதில் மூன்று பைகள். முதல் பையில் வெற்றிலை பாக்கு வைத்திருப்பார். துணி அந்த இடத்தில் கறுத்துப்போயிருக்கிறது. இரண்டாவதில் சுண்ணாம்பு டப்பா இருந்தது. அதன் வட்டத் தடம் இன்னும் மாறவில்லை. மூன்றாவது பைக்கு மட்டும் பித்தான் உண்டு. அதற்குள் விரல் நீளத்தில் ஒரு காய்ந்த குச்சி. அதைச் சுற்றி நிறம் போன ஊதா நூல். வருடத்துக்கு ஒரு தடவை பெல்ட்டை வெயிலில் போடுவேன். குச்சியை வெளியே எடுக்க மாட்டேன்.

நான் அதிகம் பேசத் தெரியாதவள். பத்தாவதோடு படிப்பு நின்றுவிட்டது. இப்போது போடியில் ஒரு கடையில் ஏலக்காய் தரம் பிரிக்கிறேன். சுற்றி இருபது பெண்கள் பேசிக்கொண்டே காய் பொறுக்குவார்கள். நான் கேட்டுக்கொண்டே பொறுக்குவேன். சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்ல எனக்கு வந்ததே இல்லை. அதனால் என்ன நடந்தது என்பதைத்தான் எழுதுகிறேன்.

தாத்தா, என் அம்மாவின் அப்பா. எங்கள் ஊர் கம்பத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருக்கிறது. மேலே கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் ஜீப்பில் சாலை வழியாகச் சுற்றிப் போவார்கள். தாத்தா பதினோரு பேரை நடைபாதையில் கூட்டிக்கொண்டு போவார். நானும் அதில் ஒருத்தி. ஜீப்பென்றால் அவருக்கு இளக்காரம். "அந்தத் தகர டப்பாவுக்குள்ள பொணம் மாதிரி அடுக்கிப் போறதுக்கு, ரெண்டு காலு எதுக்கு?" என்பார். எழுபது வயது நெருங்கியும் எங்களுக்கு முன்னால் அவர்தான் போவார். திடீரென்று கையைப் பின்னால் நீட்டி எங்களை நிறுத்துவார். புல் சாய்ந்து கிடப்பதைப் பார்த்து, காட்டுமாடு இப்போதுதான் எழுந்து போயிருக்கிறது என்று வேறு பக்கம் திருப்புவார். யானையை யானை என்று சொல்ல மாட்டார். "ஐயா கீழ தண்ணிக்கு வந்திருக்காக, சத்தம் போடாம வாங்க" என்பார். என்னைப் பார்த்து, "இவளுக்குச் சொல்ல வேண்டியதில்ல. இவ ஐயாவுக்குப் பக்கத்துலயே நின்னாலும் சத்தம் வராது" என்று சிரிப்பார். அவர் வீட்டுக்குள் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. தட்டை வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போய் மலையைப் பார்த்து நின்றுகொண்டே சாப்பிடுவார். நிலைப்படியில் குனிந்து நுழைய எப்போதும் மறந்துவிடுவார். நெற்றியில் ஒரு காயம் ஆறாமலே இருந்தது.

பாதி மலையில் கழுத்துப்பாறை என்று ஓரிடம் உண்டு. அங்கே மரத்தடியில் ஒரு சாமிக்கல். மேலே போகிறவர்கள் ஆளுக்கொரு பச்சைத் தழை ஒடித்து, அந்தக் கல்லுக்கு முன்னால் வைத்து, பறந்துவிடாமல் சிறு கல்லால் அமுக்கிவிட்டுப் போக வேண்டும். இறங்கும்போது அவரவர் தழையை அவரவர் எடுத்துப் பள்ளத்தில் எறிய வேண்டும். தழை கிடக்கிறது என்றால் அதற்குரிய ஆள் இன்னும் மலையில் இருக்கிறார் என்று பொருள். ஒருவர் தழையை இன்னொருவர் தொடக் கூடாது. தொட்டால் எடுத்தவரை மலை மறுபடி ஏற விடாது என்பார்கள். அடையாளத்துக்கு ஒருத்தி புல்லால் கட்டுவாள். ஒருவர் நுனியைக் கிள்ளிவைப்பார். நான் என் ஊதாத் தாவணியிலிருந்து ஒரு நூல் உருவிச் சுற்றிவைப்பேன்.

அப்போது எனக்கு இருபது வயது. ஐப்பசி மாதம். மதியத்துக்கு முன்பே மழை பிடித்துக்கொண்டது. கங்காணி வேலையை நிறுத்திவிட்டு, என்னை மட்டும் சாக்குக்கட்டைச் சாலையோரத்தில் காய் உலர்த்தும் ஸ்டோரில் கொடுத்துவிட்டு வரச் சொன்னார். கொடுத்துவிட்டுத் திரும்பும்போது வேறு ஊர் ஆட்களோடு ஒரு ஜீப் கீழே இறங்க நின்றது. உள்ளே இருந்த ஒரு அக்கா, "ஏத்தா, நனையாத, ஏறு ஏறு. உங்க ஊருக்குப் பிரியிற வெலக்குல எறக்கிவிடச் சொல்றேன்" என்று கையைப் பிடித்து இழுத்தார். தாத்தாவிடம் சொல்லிவிட்டு வருகிறேன் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். டிரைவர் ஹாரன் அடித்தான். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். சொல்லாமலே ஏறிவிட்டேன். பாதி வழியில் தழை ஞாபகம் வந்தது. நாளைக் காலையில் எடுத்துப் போட்டுவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றரை மணிக்கு வீட்டில் இருந்தேன். அம்மாவிடம் மட்டும் ஜீப்பில் வந்ததைச் சொன்னேன். வெளிச்சம் மங்கும் நேரத்தில் பக்கத்து வீட்டு அத்தை தலையில் போட்ட சாக்கோடு ஓடிவந்தார். அவரும் எங்கள் பதினோரு பேரில் ஒருவர். தலை துவட்டிக்கொண்டிருந்த என்னைப் பார்த்ததும் நெஞ்சில் அடித்துக்கொண்டார்.

"அடிப் பாவி மகளே! நீ இங்கனயா இருக்க? அவுக ஒன்னயத் தேடி மேல போயிட்டாகளே!"

தோட்டத்தில் என்னைக் காணாமல் தாத்தா கேட்டபோது, "அது அப்பவே போயிருச்சே" என்றிருக்கிறார் கங்காணி. முன்னால் நடந்திருப்பேன் என்று நம்பி எல்லோரும் இறங்கியிருக்கிறார்கள். கழுத்துப்பாறையில் தாத்தாவும் மற்றப் பத்துப் பேரும் தங்கள் தழைகளை எடுத்த பிறகு, ஊதா நூல் சுற்றிய ஒரு தழை மட்டும் கிடந்திருக்கிறது. அப்படியென்றால் நான் மேலேயே எங்கோ வழி தப்பிவிட்டேன் என்று நினைத்திருக்கிறார்கள். "நீங்க எறங்குங்க, நான் பிள்ளையோட வாரேன்" என்று சொல்லித் தாத்தா மழைக்குள் திரும்பிப் போயிருக்கிறார்.

"எந்தப் பக்கமா வந்த?" என்று அத்தை என் தோளைப் பிடித்து உலுக்கினார். நான் துண்டை முகத்தில் பொத்திக்கொண்டேன். மாமா, அதாவது தாத்தாவின் மகன், மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். அம்மா அவரோடு தெருமுனை வரை ஓடினார்.

விடிந்த பிறகுதான் கிடைத்தார். கழுத்துப்பாறைக்கு மேலே, ஓடைச் சரிவில், இடுப்பு எலும்பு முறிந்து. இரவு முழுவதும் மழையில் கிடந்து என் பெயரைக் கூப்பிட்டிருக்கிறார்; தொண்டை கட்டிப்போயிருந்தது. கம்பளியில் தூக்கி இறக்கித் தேனிக்குக் கொண்டுபோனார்கள். அவர் முதன்முதலாக ஜீப்பில் ஏறியது அன்றுதான்.

அதன்பின் எழுந்து நடக்கவே இல்லை. ஒன்றே முக்கால் வருடம் உள் அறைக் கட்டிலில் கிடந்தார். ஜன்னல் கிழக்கே தெருவைப் பார்த்து இருந்தது. மலை மேற்கே, சுவருக்குப் பின்னால். முதுகில் புண் வந்தது. நான்தான் புரட்டிப்போட்டு மருந்து வைப்பேன். தோள் எலும்பு என் உள்ளங்கையில் குத்தும். "மேகம் எறங்கிருச்சாத்தா?" என்று கேட்பார். நான் தலையாட்டுவேன். "தலைய ஆட்டுனா எனக்கு எப்படித் தெரியும்? வாயத் தெறந்து சொல்லு" என்பார். அப்போதும் என்னால் ஒரு சொல்தான் சொல்ல முடியும்.

யார் அப்படிச் சொன்னார்களோ, பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் ஒரே பேச்சு. "எம் பேத்தி ஓடைப் பக்கமா, அந்தக் கொட்டுற மழையில, தனி ஆளா எறங்கி வந்திருக்கா. வாயி இல்லாட்டி என்ன, காலு இருக்கு." சொல்லிவிட்டு என்னைப் பார்ப்பார். பெருமையாகப் பார்க்கிறார் என்று நினைத்துச் சுவர் பக்கம் திரும்பிக்கொள்வேன். ஒருநாள் அம்மாவிடம், உண்மையைச் சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன். "சொல்லிறாத. அவுக அதுலதான் உசுர வச்சிருக்காக" என்றார். எனக்கும் அது வசதியாக இருந்தது.

அவர் போன அன்று குளிப்பாட்டுவதற்காகப் பெல்ட்டை அவிழ்த்து என்னிடம் கொடுத்தார்கள். படுக்கையிலும் அதைக் கழற்றவிடாதவர். மூன்றாவது பையில் இந்தக் குச்சி இருந்தது. ஊதா நூலைப் பார்த்ததும் என் தழை என்று தெரிந்தது. தேடிப் போகும் பதற்றத்தில் எடுத்திருக்கிறார், அதனால்தான் மலை அவரைத் தள்ளிவிட்டது என்று இத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.

போன மாதம் மாமாவைப் பார்க்கப் பெரியகுளம் போனேன். மகன் வீட்டில் இருக்கிறார். சிறுநீரகம் கெட்டு, முகம் வீங்கிப் படுத்திருந்தார். பேச்சு தாத்தாவைப் பற்றிப் போனது. வழக்கம்போல நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"தூக்கிட்டு வாரப்ப கழுத்துப்பாறையில எறக்கச் சொன்னாக. வலியில மூஞ்சி கோணிப்போச்சு. கையை நீட்டி ஓந் தழைய எடுத்தாக. எப்பா, அடுத்தவுக தழையத் தொடாதீகன்னேன். இனிமே நான் ஏறி என்ன ஆகப் போகுது, எம் பேத்தி தழை இந்த மழையில கெடக்கக் கூடாதுன்னாக."

நான் மெதுவாக, "நான் எப்படி வந்தேன்னு கேட்டாகளா?" என்றேன்.

மாமா என்னைப் பார்த்தார். "கேக்காம? மொதக் கேள்வியே, பிள்ள வந்திருச்சாங்கிறதுதான. ஜீப்புல வந்திருச்சுப்பா, அக்கா, அதான் ஒங்கம்மா, சொல்லுச்சுன்னேன். பெறகு எங்க நாலு பேருகிட்டயும், ஜீப்புங்கிற பேச்சு ஊருக்குள்ள வரக் கூடாது, ஓடைப் பக்கமா எறங்கி வந்தான்னு சொல்லுங்கன்னு சத்தியம் வாங்கினாக. இல்லாட்டி ஒன்னய எவன் கட்டுவான், கெழவனக் கொன்னவளுன்னு சொல்ல மாட்டாகளான்னாக. ஒனக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்?"

பேருந்தில் திரும்பி வரும்போது எனக்கு அழுகை வரவில்லை. அந்தக் கட்டில்தான் கண்ணில் நின்றது. விருந்தாளியிடம் சொல்லிவிட்டு அவர் என் பக்கம் திரும்பும் முகம். அது பெருமை இல்லை. முதல் நாளே எல்லாம் தெரிந்தவர், நான் ஒரு சொல் சொல்வேனா என்று பார்த்திருக்கிறார். எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை தடவை திரும்பினார்! ஒவ்வொரு தடவையும் நான் சுவரைப் பார்த்தேன். வாயைத் திறந்து சொல்லு என்று அவர் கேட்டது மேகத்தைப் பற்றி மட்டும்தானா என்று இனி யாரைக் கேட்பது?

நேற்று ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் யாரும் இல்லை. பெல்ட்டை எடுத்து, மூன்றாவது பையின் பித்தானைக் கழற்றி, முதன்முறையாகக் குச்சியை வெளியே எடுத்தேன். கை பட்டதும் பட்டை பொடியாக உதிர்ந்தது. நூல் மட்டும் இறுக்கமாக இருந்தது. கதவைச் சாத்திவிட்டு வந்து, "ஜீப்புல வந்தேன் தாத்தா" என்றேன்.

ஆளில்லாத வீட்டில்கூட அது எனக்கே கேட்காத அளவில்தான் வந்தது. குச்சியைத் திரும்பப் பைக்குள் வைத்துப் பித்தானைப் போட்டேன்.