தேவசேனாவின் தறிக்குழியும் மொகஞ்சதாரோ சாக்கடையும்

நகரி நெசவாளர் தெருவில் தாமோதரன் மேஸ்திரியிடம் மொகஞ்சதாரோ என்று சொல்லிவிடக் கூடாது. சொன்னால் அன்றைக்கு வேலை கெட்டது. நெசவுக் குடும்பத்தில் பிறந்தும் தறியில் ஒரு மணி நேரம் உட்காரப் பொறுமையில்லாத ஆள். பதினாறு வயதிலேயே கொத்துக் கரண்டியைப் பிடித்துவிட்டார். இப்போது ஐம்பத்திரண்டு.

போன கோடையில், பூச்சு காயட்டும் என்று காத்திருந்த நேரத்தில் செல்போனில் ஒரு வீடியோ பார்த்தார். மொகஞ்சதாரோவின் செங்கல் சாக்கடை. வீட்டுத் தண்ணீர் வாசல் குழி ஒன்றில் இறங்குகிறது. கசடு அங்கேயே தங்க, தெளிந்த தண்ணீர் மட்டும் மூடிய கால்வாயில் ஓடுகிறது. நாலாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முந்தைய கொத்து வேலை! சாரத்திலிருந்து இறங்கியவர் அக்கா தேவசேனா வீட்டில்தான் போய் நின்றார்.

அக்காவுடையது குழித்தறி. தரையில் வெட்டிய குழிக்குள் காலைத் தொங்கவிட்டு மிதிக்க வேண்டும். மழை வந்தால் தெருச் சாக்கடை அடைத்து, தண்ணீர் அந்தக் குழிக்குள் ஏறும். இந்த வருஷமும் ஏறினால் தறியைப் பிரித்துப் போட்டுவிட்டு விசைத்தறிக்குக் கூலிக்குப் போவது என்று அவள் முடிவு செய்திருந்தாள்.

"அவங்ககிட்ட சிமென்ட்டே கிடையாதுக்கா. நான் சிமென்ட்ட வெச்சிக்கினு சும்மா உக்காந்துக்கினு கீறேன்."

"மொதல்ல சோத்த துன்னு. அப்பால கட்டு," என்றாள் அக்கா.

பன்னிரண்டு வீட்டு வாசலையும் உடைக்க அவரே கெஞ்சிச் சம்மதம் வாங்கினார். கோடி வீட்டு நாகேந்திரன்தான் லேசில் பிடி கொடுக்கவில்லை.

"அந்த ஊரே மண்ணுக்குள்ள பூடுச்சி மேஸ்திரி. அத்த பாத்தா கட்றே?"

"அக்கா தறிக்குழியில தண்ணி வந்தா எல்லாத்தையும் நானே மூடிர்றேன்."

அந்த வாக்குக்கு நாகேந்திரனும் இறங்கிவர, மழைக்கு முன்பே பன்னிரண்டு வாசலிலும் கசடுக் குழியும் தெரு நெடுக மூடிய கால்வாயும் கட்டி முடித்தார். ஐப்பசியில் ஒரு மத்தியானம் வானம் பிய்த்துக்கொண்டு ஊற்றியது. அரை மணி நேரத்தில் நாகேந்திரன் வாசலில் தண்ணீர் தேங்கி நின்றது. தெருவே கூடிவிட்டது. தாமோதரன் வாசல் குழியின் மூடியைத் தூக்கி, தோள் வரை கையை விட்டார். பாவு நூலுக்கு விறைப்பேற்றப் போட்ட கஞ்சியும் நூல் கழிவும் திரண்டு பூசணிக்காய் அளவுக்கு வெளியே வந்தது. மொகஞ்சதாரோக்காரனுக்கு நம் தெருவின் நூல் கழிவு தெரியாது, சரி. நெசவாளி மகனுக்குத் தெரிய வேண்டாமா? வீட்டுத் தண்ணீர் குழிக்குள் இறங்கும் குழாய் வாயில் ஒரு சல்லடை வைக்கத் தோன்றவில்லை மகானுக்கு.

ஆனால் தண்ணீர் சரசரவென்று இறங்கிவிட்டது. அவருக்கு வெட்கமாவது ஒன்றாவது, சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

"பாத்தியா நாகேந்திரா, குழி இல்லாட்டி இது அத்தினியும் தெருக் கால்வாய அடச்சிருக்கும்," என்று அந்த உருண்டையைத் தூக்கிக் காட்டினார். அப்படியே அக்கா வீட்டுக்கு ஓடினார்.

அவள் தறியில்தான் இருந்தாள். அவர் மண்டியிட்டுக் குழிக்குள் எட்டிப் பார்த்தார். முழங்கையிலிருந்து சேறு சொட்டியது.

"எட்டப் போடா தாமு," என்றாள் அக்கா, மிதியை அழுத்தியபடி. "குழியில கீற ஈரமே நீ கொண்டாந்ததுதான்."