மூணரை இறங்காத இன்ஜின்

என் அத்தானுக்கு ஊர் வைத்த பெயர் மூணரை. மலைமேல் ஏறி இறங்கும் குட்டி ரயிலுக்கு அவர்தான் டிரைவர். கரி போட்டு ஓட்டும் பழைய இன்ஜின். தண்டவாளம் இரண்டுக்கும் நடுவே ஒரு ஆள் காலை நீட்ட முடியாது, அவ்வளவு ஒடுக்கம். வேடிக்கை பார்க்க வருகிறவர்களைத் தவிர அதில் யாரும் ஏறுவதில்லை. அவசரம் என்றால் நடந்தே போய்விடலாம். இறங்கி வரும்போது கடைசி வளைவில், தன் வீட்டுப் பின்வாசலுக்கு நேராக, அத்தான் விசில் சங்கிலியை மூன்று தடவை நீட்டி இழுப்பார். நான்காவதைப் பாதியில் விட்டுவிடுவார். ஏன் என்று கேட்டால், "மீதியை வீட்டுக்குப் போய் ஊதுவேன் மச்சான்" என்பார்.

அந்த விசில் என் அக்காவுக்கு. கேட்டதும் பெரிய பாத்திரத்தில் தண்ணீர் பிடித்து அடுப்பில் ஏற்றுவாள். உடம்பெல்லாம் கரியோடு பின்வாசல் வழியே நுழைகிறவர் வெந்நீரில் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு முன்னறைக்கு வந்த பிறகுதான் அவளுக்குப் புருஷன். அதுவரை வெறும் கரிமூட்டை. கல்யாணமான நாளிலிருந்து இதுதான் நடைமுறை. மற்றபடி அத்தானிடம் கெட்ட பழக்கம் ஏதும் கிடையாது, சீட்டாட்டத்தில் என்னை ஏமாற்றுவதைத் தவிர.

ரயிலை ஓட்டி வந்தது ஒரு சங்கம். பழைய ரயில் என்றால் பைத்தியமாக அலைகிற சில பேர் கூடி, துருப்பிடித்துக் கிடந்த இன்ஜினைச் சரிசெய்து ஓட வைத்திருந்தார்கள். தண்டவாளம் மட்டும் நகரசபைக்குச் சொந்தம். கூட்டம் குவியத் தொடங்கியதும் நகரசபைக்குக் கண் திறந்துகொண்டது. எங்கிருந்தோ ஒரு கம்பெனியைக் கூட்டிவந்து, இனி இவர்கள்தான் ஓட்டுவார்கள் என்றது. சங்கம் கோர்ட்டுக்குப் போனது. வழக்கு முடியும்வரை கம்பெனியே ஓட்டட்டும் என்றது கோர்ட். இந்தக் கூத்தில் ஸ்டேஷன் பெயர்ப்பலகை பட்ட பாடு கொஞ்சமல்ல. கம்பெனிக்காரர்கள் பச்சை அடிப்பார்கள், சங்கத்துக்காரர்கள் வந்து அதன்மேல் நீலம் அடிப்பார்கள். பெயின்ட் தடித்துத் தடித்துக் கடைசியில் ஊர்ப்பெயரே மூழ்கிப்போனது.

நான் அந்த ரயிலில் டிக்கெட் பரிசோதகன். கம்பெனி பச்சைத் தொப்பியை நீட்டியது, வாங்கி மாட்டிக்கொண்டேன். எனக்கும் வயிறு இருக்கிறது. அத்தான் முடியவே முடியாது என்றுவிட்டார். "நான் சங்கத்து ஆளு மச்சான். பச்சைத் தொப்பி போட்டா கிளி மாதிரி இருப்பேன்" என்று சொல்லி வீட்டில் உட்கார்ந்தார். கம்பெனி வெளியூரிலிருந்து ஒரு டிரைவரை இறக்கியது.

ரயிலை ஓட்டும் உரிமை கைமாறவே இல்லை என்று நிரூபித்தால் ஜெயித்துவிடலாம் என்பது சங்கத்து வக்கீலின் கணக்கு. அதற்காக அத்தானைக் கூண்டில் ஏற்றினார். அத்தான் சத்தியம் செய்துவிட்டு, சொல்லிக்கொடுத்ததைச் சொன்னார்: "அந்த இன்ஜினுக்கு டிரைவர் நான்தான். இன்னைக்கு வரைக்கும் நான் அதுலேருந்து இறங்கவே இல்லை." கோர்ட்டில் சிரித்தார்கள். சாட்சி சொல்வது உரிமையைப் பற்றி என்று வக்கீல் விளக்க வேண்டியிருந்தது.

மறுநாள் நான் கடைசிப் பெட்டியில் இருந்தேன். வளைவு வந்தது. மூன்று நீளம், ஒரு அரை. அப்படி ஊதுகிறவர் வீட்டில் அல்லவா உட்கார்ந்திருக்கிறார். ரயில் நின்றதும் இன்ஜினுக்கு ஓடினேன்.

"யாருங்க ஊதினது?"

"நான் ஊதலையே" என்றார் புது டிரைவர். "ஊதச் சொல்லி அங்க போர்டு எதுவும் இல்லையே." அவர் முகம் வெளிறியிருந்தது. தலைக்கு மேலே சங்கிலி இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

அங்கிருந்து நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். அத்தான் முன்னறையில் வெள்ளைச் சட்டையோடு, சீட்டுக்கட்டைக் கையில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். "கேட்டியா?" என்றார். தலையாட்டினேன். சமையலறையில் அடுப்பின்மேல் பெரிய பாத்திரம் கொதித்துக்கொண்டிருந்தது.

"யாருக்குக்கா தண்ணி?"

"இதென்னடா கேள்வி? விசில் கேக்கலையா உனக்கு? கரிமூட்டை வர்ற நேரம்."

"அத்தான் முன்னாலதானே உக்காந்திருக்காரு."

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தாள். "ஆமால்ல" என்று சிரித்தாள். ஆனால் பாத்திரத்தை இறக்கவில்லை.

அதன் பிறகு தினமும் விசில் கேட்டது, தினமும் அக்கா தண்ணீர் வைத்தாள், அந்தத் தண்ணீர் தினமும் செலவானது. குளியலறைத் தரையில் கறுப்பாக நீர் தேங்கியிருந்தது. சோப்பில் கரி விரல்கள் பதிந்திருந்தன. அத்தான் என்னிடம் துண்டை விரித்துக் காட்டினார், கறுப்பு அப்பியிருந்தது. அதைப் பிடித்திருந்த அவர் கைகளோ நகக்கண் வரை வெளுத்திருந்தன. முதலில் ஆம்பளைகள் நினைக்கிற மாதிரிதான் அவரும் நினைத்திருக்கிறார். எவனோ வந்து போகிறான் என்று பின்கதவில் சாய்ந்து காவல் இருந்திருக்கிறார்.

"கதவு திறக்கவே இல்லை மச்சான். ஆனா உள்ள தண்ணி ஊத்துற சத்தம் கேக்குது. மூக்கைச் சிந்திக்கிட்டு, ரெண்டு செம்புக்கு ஒரு தடவை ஸ்ஸ்னு சொல்லிக்கிட்டு. அப்படியே நான் குளிக்கிற மாதிரி."

கடைத்தெருவில் யாரோ, "நேத்து இன்ஜின்லேருந்து கையாட்டுனீங்களே, கம்பெனியில சேந்துட்டீங்களா?" என்று கேட்டார்கள். அதோடு அத்தான் வெளியே போவதை நிறுத்திக்கொண்டார். அவருக்குப் பயம் பேயைப் பற்றி அல்ல. என்னிடம் வெளிப்படையாகவே சொன்னார்.

"அவன் எவனா வேணா இருந்துட்டுப் போகட்டும். உங்கக்கா அவனுக்குத்தான் தண்ணி வைக்கிறா. நான் இங்க மரக்கட்டை மாதிரி உக்காந்திருக்கேன். இப்படியே போனா இந்த வீட்டுல எனக்கு இடம் இல்லாமப் போயிடும். நான் மறுபடி இன்ஜின்ல ஏறிடணும் மச்சான். அந்த இடத்துல நான் நின்னா, அவன் எங்க நிப்பான்?"

எனக்கும் அது சரியென்றே பட்டது.

பிறகு கம்பெனி வக்கீல் என்னைக் கூண்டுக்குக் கூப்பிட்டார். சத்தியம் வாங்கிக்கொண்டு, என் அத்தான் இத்தனை நாளும் எங்கே இருந்தார் என்று கேட்டார். உள்ளதைச் சொன்னேன்: "வீட்டுலதாங்க இருக்காரு. வீட்டை விட்டு அவர் எங்கயும் போறதே இல்லை." எதிரே உட்கார்ந்திருந்த அத்தானே ஆமாம் என்று தலையாட்டினார்.

பச்சையும் நீலமும் கேட்டுச் சலித்துப்போன நீதிபதி ஒருவழியாகத் தீர்ப்பு சொன்னார். இரண்டு தரப்புச் சாட்சிகளையும் நம்பாமல் இருக்கக் காரணம் இல்லை, இரண்டையும் ஏற்றுக்கொள்கிறேன் என்றார். இன்ஜின் சங்கத்திடம், ஸ்டேஷனும் டிக்கெட்டும் கம்பெனியிடம், இரண்டு பேரும் சேர்ந்து ஓட்டட்டும் என்றார். வெளியூர் டிரைவர் அன்றைக்கே பெட்டியைக் கட்டிவிட்டார். அந்தத் தீர்ப்பில் அவரளவு சந்தோஷப்பட்டவர் யாருமில்லை.

அத்தான் இன்ஜினில் ஏறிய நாள். அவருக்காகவே நான் முதல் பெட்டியில் நின்றுகொண்டேன். கடைசி வளைவில் அவர் கை சங்கிலிக்குப் போவதைக் கண்ணால் பார்த்தேன். மூன்று நீளம், ஒரு அரை. ஊதிவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார், கரிமுகத்தில் பல் மட்டும் தெரிந்தது. நான் வீட்டைப் பார்த்தேன். சமையலறைப் புகைபோக்கியில் புகை இல்லை. பின்கதவு சாத்தியிருந்தது.

வேலை முடிந்ததும் கிட்டத்தட்ட ஓடினார். நானும் பின்னாலேயே ஓடினேன். கதவைத் தட்டியதும் அக்கா திறந்தாள். அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"யாரு வேணும்?"

"விளையாடாதே. தண்ணி வை."

அக்கா என் பக்கம் திரும்பினாள். "யாருடா இது? கண்டவங்களை எல்லாம் ஏன் பின்வாசலுக்குக் கூட்டிட்டு வர்றே?"

"யாரும்மா அங்க?" என்று முன்னறையிலிருந்து ஒரு குரல் கேட்டது. வெள்ளைச் சட்டையோடு, சீட்டுக்கட்டைக் கையில் பிடித்தபடி அத்தான் வந்து நின்றார். "அட, மச்சானா? வா, உக்காரு. ஒரு ஆட்டம் போடலாம்" என்றார். கட்டைப் பிடித்திருந்த விரல்கள் நகக்கண் வரை வெளுத்திருந்தன. என் தோளுக்குப் பக்கத்தில் ஒருவர் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார், கரி வாசனை அடித்தது. அந்த மூச்சு கொஞ்சம் கொஞ்சமாக விலகிப் போனது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் வரவில்லை.

இப்போது அவர் இன்ஜின் கொட்டகையை ஒட்டிய அறையில் படுத்துக்கொள்கிறார். இன்ஜினுக்குத் தண்ணீர் பிடிக்கிற குழாயிலேயே குளிக்கிறார், பச்சைத் தண்ணீரில். எவ்வளவு தேய்த்தாலும் கரி முழுசாகப் போவதில்லை. ரயில் நேரம் தவறாமல் ஓடுகிறது, ஊருக்குத் திருப்தி. வேலை நாளில் நான் அவரோடு மலையேறி இறங்குகிறேன், அத்தான் என்றுதான் கூப்பிடுகிறேன். எனக்கு விடுமுறையான நாளில் அக்கா வீட்டுக்குப் போகிறேன், அங்கே இருப்பவரையும் அப்படித்தான் கூப்பிடுகிறேன். சீட்டில் என்னை ஏமாற்றும் விதம்கூட மாறவில்லை.

போன விடுமுறையன்று ஆட்டத்துக்கு நடுவில் விசில் கேட்டது. அக்கா தலையைத் தூக்கவில்லை, தன் பாட்டுக்குத் துணி மடித்துக்கொண்டிருந்தாள். எதிரே இருந்தவர் மட்டும் சீட்டைக் கீழே வைத்துவிட்டுக் காது கொடுத்தார்.

"நல்லாத்தான் ஊதுறான். கடைசியை மட்டும் பாதியில விட்டுடுறான் பாரு" என்றார். "மீதியை எங்க போய் ஊதுவானோ, பாவம்."