முளைகட்டிய நெல்லும் அண்ணன் கொடுத்த சீரும்

ஆடிப்பெருக்குக்கு முதல் நாள் கும்பகோணத்திலிருந்து ஒரத்தநாடு பக்கம் இருக்கும் நான் பிறந்த ஊருக்குப் போனேன். பதினெட்டுக்குப் பிறந்த வீடு போவது வருஷா வருஷம் உள்ளதுதான். இந்தத் தடவை அண்ணி போனில் அழுததால் கூடுதல் அவசரம். அண்ணன் ரத்தக் கொதிப்பு மாத்திரையை நிறுத்திவிட்டாராம்.

"முளைகட்டின நெல்லே போதும்ங்கறார். நான் சொன்னா ஏறல. நீ வந்து கேளு தாயீ."

காலை ஆறே முக்காலுக்குக் கும்பகோணத்தில் பஸ் ஏறினேன். தஞ்சாவூர் நாற்பது கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். அங்கே டிபனை முடித்துக்கொண்டு ஒரத்தநாடு டவுன் பஸ். பெண்களுக்குக் காசு கிடையாது என்பதால் கூட்டம் அள்ளியது.

"ஓசி டிக்கெட்டுக்கு ஜன்னல் சீட்டு வேற கேக்குதா ஆத்தா?" என்றார் கண்டக்டர்.

"நான் ஓட்டுப் போட்டு வாங்கின டிக்கெட்டு தம்பி. நீங்க கொஞ்சம் நகருங்க, ஆறு தெரியட்டும்" என்றேன். பஸ்ஸே சிரித்தது. நாங்கள் ஆறு என்று சொல்லும் கல்லணைக் கால்வாயில் தண்ணீர் கரை தொட்டுப் போனது.

அண்ணன் கொல்லையில் நின்றார். சாக்கைப் பிரித்து நெல்லைக் காட்டினார். ஊசி முனை அளவுக்கு வெள்ளை முளை. விதைப்புக்குக் கட்டுவது போலவே ஊற வைத்து, சாக்கில் கட்டி, வைக்கோல் மூடி வைத்திருக்கிறார். பிறகு நிழலில் உலர்த்தி, தவிடு போகாமல் அரைத்துக் கஞ்சி.

"இதுல காபான்னு ஒரு சத்து ஊறுது ஆத்தா. ரத்தக் குழாயைத் தளர்த்துமாம். சிங்கப்பூர்லேர்ந்து மவன் வீடியோ அனுப்பினான்."

அவர் சொன்னது பொய்யில்லை. கிளம்புமுன் எங்கள் டாக்டரிடம் நானும் கேட்டிருந்தேன். நெல் முளைக்கும்போது அந்தச் சத்து கூடுகிறது, கொதிப்பைக் கொஞ்சம் தணிக்கலாம் என்று ஆராய்ச்சி நடக்கிறது, ஆனால் மாத்திரைக்குப் பதிலாக யாரும் அதை எழுதித் தருவதில்லை என்றார். நான் படித்தது ஐந்தாம் வகுப்புதான். தெரியாததைக் கேட்டுக்கொள்ள அது போதும்.

மத்தியானம் கஞ்சி. சொல்லக் கூடாது, அத்தனை ருசி. பாலும் வெல்லமும் கலந்தது போல ஒரு லேசான இனிப்பு. தொட்டுக்கொள்ள உப்பு நார்த்தங்காய். அண்ணன் ஒரு முழுக் காயைத் தின்றுவிட்டு அண்ணியிடம் இன்னொன்று கேட்டார்.

"அண்ணே, கஞ்சி இறக்கறதை நார்த்தங்கா ஏத்திப்புடுமே?"

"கஞ்சிக்கு நார்த்தங்கா இல்லாம, சீனியா தொட்டுக்கறது?"

சாயங்காலம் வீடு வீடாக வந்து பார்க்கும் சுகாதாரத் துறைப் பெண் வந்தாள். பட்டையைக் கையில் கட்டினாள். நூற்று எண்பதுக்கு நூறு. இன்னொரு தரம் பார்த்தாள். அதேதான்.

"மாத்திரையை நிறுத்துனீங்களா ஐயா? நாளைக்கே டாக்டரைப் பாருங்க. நாள் கடத்தாதீங்க" என்று சொல்லிப் போனாள்.

சில வருஷத்துக்கு முன் எரிவாயுக் குழாய் பதிக்க வயலை அளக்க வந்தபோது ஊரே வரப்பில் உட்கார்ந்து மறித்தது. அங்கேதான் அண்ணன் மயங்கி விழுந்தார். கொதிப்பு இருப்பது அன்றுதான் தெரிந்தது. இருட்டும் நேரத்தில் மெல்லச் சொன்னார்:

"இந்த மண்ணுக்காக வெயில்ல கெடந்தேன். இதுல வெளஞ்ச நெல்லு என்னைக் காப்பாத்தாதாம்மா?"

 

மறுநாள் கால்வாயில் காப்பரிசி வைத்துக் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினேன். அண்ணன் புடவை, தேங்காய், ஒரு பை முளை அரிசி எல்லாம் எடுத்து வைத்தார். எங்கள் பக்கம் பிறந்த வீட்டை விட்டுப் புறப்படும் பெண்ணிடம் வாசற்படியில் வைத்து, "வேற என்ன வேணும்?" என்று அண்ணன் கேட்க வேண்டும். அங்கே அவள் கேட்டதை இல்லையென்று சொல்லக் கூடாது. கேட்டார்.

"என்கூட ஆஸ்பத்திரிக்கு வாங்க. டாக்டர் குடுக்குற மாத்திரையைத் தெனமும் போடுங்க. இந்த வருஷம் எனக்கு அதான் சீர்."

"நெல்லு?"

"நெல்லு நம்ம வீட்டுது. அது எங்க போவுது? சாப்பிடுங்க. நார்த்தங்காதான் வேணாம்."

அண்ணியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "வாசப்படியில வச்சு மடக்கிட்டா பாரு" என்று செருப்பைத் தேடினார். ஒரே பஸ்ஸில் போனோம். எனக்கு ஓசி டிக்கெட், அவருக்குப் பத்து ரூபாய். அதைச் சொல்லிச் சொல்லிக் காண்பித்தேன்.

இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு: ஆடியில் வந்தால் கால்வாயில் தண்ணீர் பார்க்கலாம். ஊர்ப்பக்கம் டவுன் பஸ் அடிக்கடி கிடையாது, நேரம் கேட்டுக்கொண்டு இறங்குங்கள். முளை அரிசி கிடைத்தால் வாங்குங்கள். விதைக்கென்று விற்கும் நெல்லில் மருந்து கலந்திருக்கும், அதைச் சாப்பிடவே கூடாது. மாத்திரை போடுகிறவர்கள் பையில் எடுத்துவர மறக்காதீர்கள்.

இப்போது தினமும் காலையில் அண்ணன் போன் செய்கிறார். நலம்கூட விசாரிப்பதில்லை.

"ஆத்தா, இன்னிக்குச் சீர் குடுத்தாச்சு" என்று வைத்துவிடுகிறார்.