மறியல் மாசத்தில் நாரைக் காவல்

வீட்டுக்குக் காவல் இருக்கிறவனுக்கு வீட்டுக்காரன் ஒரு டீயாவது வாங்கித் தருவான். நாரைக்குக் காவல் இருக்கிறவனுக்கு நாரை என்ன தரும் என்பதை என் சட்டையின் முதுகைப் பார்த்தால் தெரிந்துகொள்ளலாம். கள்ளக்குறிச்சியிலிருந்து மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் போகிற ரோட்டை ஒட்டி எங்கள் ஏரி. கல்வராயன் மலையில் மழை அடித்தால்தான் அதற்குத் தண்ணி. இல்லாத வருஷம் ஏரிக்குள் ஆடு மேயும். தண்ணி வந்த வருஷம் நத்தைகுத்தி நாரைகள் எங்கிருந்தோ மோப்பம் பிடித்து வந்து கூடு கட்டிவிடும். அதனால் 'பாதுகாக்கப்பட்ட ஏரி' என்று ஒரு போர்டு நட்டார்கள். போர்டுக்குப் பக்கத்தில் தினக்கூலி வாச்சர் என்று என்னையும் நட்டார்கள். தனக்குச் சொந்தமில்லாத ஒன்றைக் காபந்து பண்ணப்போய் ஊரெல்லாம் வசவு வாங்கின புண்ணியவான்கள் உங்களிலும் இருப்பார்கள். அவர்களை நம்பித்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போங்கள்.

மாமனார் விசாரணை

கல்யாணமாகி மூணாம் மாசம் எலவனாசூர்கோட்டையிலிருந்து என் மாமனார் வந்தார். மாப்பிள்ளைக்குக் கவர்மெண்டு உத்தியோகம் என்று தரகர் சொன்னதை நம்பிப் பெண்ணைக் கொடுத்தவர். அந்த உத்தியோகத்தை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. கரைமேல் கூட்டிக்கொண்டு போய்ப் பெரிய புளியமரத்தைக் காட்டினேன். ஏரிக்கரையில் ரோட்டுப் பக்கமாகச் சாய்ந்து நிற்கும், கிளைக்குக் கிளை கூடு. நத்தைகுத்திக்கு வாயை மூடினாலும் நடுவில் ஒரு சந்து தெரியும் என்றெல்லாம் பெருமையாக விளக்கினேன். மனுஷன் அரை மணி நேரம் அண்ணாந்து பார்த்தார். மேலேயிருந்து அவர் புது வேட்டியில் சொத்தென்று ஒன்று விழுந்தது. வேப்பிலையைக் கிள்ளித் துடைத்துக்கொண்டே கேட்டார்: "அதுதான் ரெக்க வெச்சிருக்குதே மாப்ள, ஆபத்துன்னா பறந்துடப் போவுது. அதுக்குப் போயி காலு மட்டும் இருக்கிற ஆளு எதுக்குக் காவல்?"

நத்தைக்குப் பங்காளி

அஞ்சலை கூலி நடவுக்குப் போகிறவள். நடவு இல்லாத நாளில் ஏரி ஓரத்தில் இறங்கிக் குழம்புக்கு நத்தை பொறுக்குவாள். அது கூடாது என்று எனக்கு உத்தரவு. நான் விசில் ஊதுவேன், அவள் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டாள். ஒருநாள் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "நத்த பூரா நாரைக்குன்னு போர்டுல போட்டிருக்குது, கண்ணு தெரியல?" என்று கத்தினேன். போர்டில் அப்படி ஒரு எழுத்தும் கிடையாது. அவளுக்குப் படிக்கத் தெரியாது என்கிற தைரியத்தில் அடித்துவிட்டேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

அவள் கோபப்படவில்லை. மடியில் இருந்த நத்தையை அப்படியே தண்ணியில் கொட்டினாள். அன்றைக்கப்புறம் நான் அவளைப் பார்த்து விசில் ஊதியதில்லை, எங்கள் வன இலாகா ரேஞ்சரிடம் சொல்லிவிடாதீர்கள். கரையேறிப் போகும்போது அவள் சொன்னது இதுதான்: "நாரைக்கு வர்ற ரேஷன யாரும் எடுத்துடக் கூடாதுன்னு ஒரு ஆளு நிக்கிறீங்க. எங்க ரேஷன் கடைல இந்த மாதிரி ஒரு ஆள நிக்க வெக்கச் சொல்லுங்க சார்."

ரேஞ்சர் உத்தரவு

அந்த வருஷங்களில் எங்கள் பக்கம் இடஒதுக்கீட்டுப் போராட்டம். படிப்பிலும் வேலையிலும் எங்கள் ஜனத்துக்குரிய பங்கை ஒதுக்கு என்று கேட்டு ஊர் ஊராக ரோட்டில் இறங்கினார்கள். மறியல் என்றால் சும்மா உட்காருவது இல்லை. ரோட்டோரத்து மரத்தை வெட்டிக் குறுக்கே சாய்த்துவிடுவது.

ஒரு மார்கழியில் மறுநாள் மறியல் என்று தெரிந்ததும் ரேஞ்சர் ஜீப்பில் ஓடி வந்தார். புளியமரத்தில் அப்போது கூடெல்லாம் குஞ்சு. ரெக்கை முளைத்துப் பறக்க இன்னும் ஒரு மாசமாவது ஆகும். மரம் விழுந்தால் அத்தனையும் ரோட்டில் நசுங்கும். "மரத்துக்கு ஒண்ணு ஆச்சு, உன் சீட்டு கிழிஞ்சிது" என்றார். நீங்களும் கூட இருங்கள் சார், நான் ஒண்டி ஆள் என்று கெஞ்சினேன். ஜீப்பில் ஏறி உட்கார்ந்துகொண்டு சொன்னார்: "நான் இருக்க மாட்டேன்னா சொல்றேன்? நாளைக்கு நான் வூட்டுக்குப் போறதுக்கு ரோடு இருக்காதேய்யா!"

நான் பண்ணின தப்பு

மறுநாள் காலையில் இருபது பேர் வந்தார்கள். கோடாலி, ரெண்டு ஆள் இழுக்கிற ரம்பம், வடக்கயிறு. முன்னால் தனபாலண்ணன். பக்கத்து ஊர்க் கரும்பு விவசாயி, என் கல்யாணத்துக்குப் பந்தல்கால் நட்டவர். மற்ற மரங்கள் எல்லாம் இரண்டு பக்கமும் ஏற்கெனவே விழுந்துவிட்டன. மிச்சம் இது ஒன்றுதான். அதுவும் ரோட்டுப் பக்கமே சாய்ந்து நிற்கிறது, நாலு வெட்டு வெட்டினால் போதும், தானாகப் போய்ப் படுத்துக்கொள்ளும்.

 நான் யோசிக்காமல், இலாகாவில் சொல்லிக் கொடுத்த வசனத்தை எடுத்துவிட்டேன்: "தொடாதீங்க! இது சர்க்கார் மரம்!"

 இருபது பேரும் சிரித்தார்கள். நாலு நாளாகத் தேடிய மரம் கிடைத்துவிட்ட மாதிரி. தனபாலண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டே சொன்னார்: "சர்க்கார்கிட்டதானே வாச்சரே கேக்கறோம்? அப்ப நீங்களே சரியான மரத்தக் காட்டிட்டீங்க!"

மேலே ஏறினவர்

சாய்ப்பதற்கு முன்னால் கிளையைக் கழிக்க வேண்டும். தனபாலண்ணனின் மச்சான் வேலு இடுப்பில் அரிவாளைச் செருகிக்கொண்டு ஏறினார். முப்பது வயசு ஆள், பனையே ஏறுகிறவர். நான் அடிமரத்தைக் கட்டிக்கொண்டு நின்றேன். அழுதேன் என்றே சொல்லிவிடுகிறேன், இனிமேல் என்ன மறைப்பது? "ஒரு மாசம் குடுங்கண்ணே, அதுங்க பறந்ததும் நானே ஒரு பக்கம் ரம்பம் புடிக்கிறேன்" என்றேன். தனபாலண்ணன் என்னைப் பார்க்காமல், "எங்க புள்ளைங்களுக்கு ஒரு சீட்டு கெடைக்கணும்னுதான் நாங்க வூடு வாசல வுட்டுட்டு நிக்கிறோம், தெரியும்ல?" என்றார். தெரியும். அவர் பெரிய பையன் நல்ல மார்க் வாங்கியும் சீட்டுக் கிடைக்காமல் மில்லில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். 

மேலே திடீரென்று ஒரே கூச்சல். பெரிய நாரைகள் பறந்துவிட்டன. குஞ்சுகள் எங்கே போகும்? பயந்தால் தின்றதைக் கக்கும், அது அதுகளின் வழக்கம். அரைபட்ட நத்தை அத்தனையும் வேலு தலையில். அப்படியே வழுக்கிக்கொண்டு இறங்கினார். தலையிலிருந்து வழிகிறது, இருபது பேரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு பத்தடி தள்ளிப் போய்விட்டார்கள். திட்டுவார் என்று பார்த்தேன். அரிவாளைக் கீழே வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "நான் வெட்ட மாட்டேன் மாமா. ஒண்ணு பயந்துக்கினு கக்குது, பக்கத்துல இருக்கறது நான்தான் தீனி எடுத்தாந்திருக்கேன்னு வாயத் தொறந்துக்கினு நிக்குது."

குறுக்கே நின்ற வண்டி

தனபாலண்ணன் ரம்பத்தை ஓரமாக வைக்கச் சொன்னார். பிறகு தன் வண்டிகளை ஓட்டிவர ஆளை அனுப்பினார். வயல் வழியாக டயர் மாட்டு வண்டி மூன்று வந்தன, மூன்றிலும் கரும்பு. மூங்கில்துறைப்பட்டு மில்லுக்கு அனுப்ப முந்தின நாள்தான் அவர் நிலத்தில் வெட்டியது. மரம் விழவேண்டிய இடத்தில் மூன்றையும் குறுக்கே நிறுத்தி மாட்டை அவிழ்த்துவிட்டார்கள். ரோடு அடைந்துவிட்டது.

நாலு நாள். அஞ்சலை அந்த நாலு நாளும் வரவில்லை. அவர்கள் தெருவிலிருந்து யாருமே வெளியே வரவில்லை. வேலையும் இல்லை, கும்பல் தங்கள் தெருப் பக்கம் திரும்பிவிடுமோ என்ற பயமும் இருந்தது. ஏரியில் நத்தையும் நாரையும் நானும்தான். வெயிலில் கரும்பு சுருங்குவது கண்ணுக்கே தெரிந்தது. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. "இந்த மூணு வண்டியும் வீணாப் போவுதேண்ணே" என்றேன். வண்டி நிழலில் துண்டை விரித்துப் படுத்திருந்தவர் கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "கரும்பு காஞ்சா எடதான் போவும். அதுங்களுக்கு உசுருல்ல போவும், சும்மா கெடங்க வாச்சரே."

இன்ஸ்பெக்டர் கேட்டது

மறியல் முடிந்த மறுநாள் விடியற்காலையில், மாடு பூட்டுவதற்குள் போலீஸ் ஜீப் வந்துவிட்டது. கூடவே எங்கள் ரேஞ்சர். இங்கேதான் விஷயம். வெட்டிப்போட்ட மரத்தில் வெட்டியவன் பேர் இருக்காது. இரண்டு பக்கமும் மரம் சாய்த்தவர்கள் யாரென்று கடைசிவரை யாருக்கும் தெரியாது. மரத்தை வெட்டாமல் விட்ட ஒரே மனுஷனின் பேர்தான் மூன்று வண்டியின் பக்கப்பலகையிலும் கொட்டை எழுத்தில் இருந்தது, ஊர்ப் பேரோடு!

இன்ஸ்பெக்டர் நோட்டைத் திறந்தார். "நீதானே இங்க டியூட்டி? ரோட்ட மறிச்சது இந்தத் தனபாலா?" நான் ஆமாம் என்றால் அவர் ஜெயிலுக்குப் போவார். இல்லை என்று சொல்லி மாட்டிக்கொண்டால் என் வேலை போகும். தனபாலண்ணன் மாட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்க்காமல் நின்றார். 

"அவர் மறிக்கல சார்" என்றேன். "மில்லுக்குக் கரும்பு ஏத்திக்கினு போனாரு. ரெண்டு பக்கமும் மரம் வுழுந்துடுச்சு. நடுவுல மாட்டிக்கினாரு."

"அப்ப வண்டி எதுக்கு ரோட்டுக்குக் குறுக்கால நிக்குது?"

அதை நான் யோசித்து வைக்கவில்லை. மேலே குஞ்சுகள் காலைத் தீனிக்குக் கத்திக்கொண்டிருந்தன. "நாரை கத்தற சத்தத்துல மாடு மெரண்டு திரும்பிடுச்சு சார்" என்றேன்.

"மூணு வண்டியுமா?"

"மூணும்தான் சார்."

இன்ஸ்பெக்டர் ரேஞ்சரைப் பார்த்தார். ரேஞ்சர் புளியமரத்தை அடியிலிருந்து நுனிவரை ஒருமுறை பார்த்தார். ஒரு கிளைகூடக் குறையவில்லை. வெறகாகிக் கிடக்கும் என்று நினைத்து வந்தவர். தொப்பியைக் கழற்றி, அதில் அப்போதுதான் விழுந்ததைத் தட்டிவிட்டுச் சொன்னார்: "எழுதிக்குங்க சார், எங்க இலாகா பறவைங்க சத்தம் கொஞ்சம் ஜாஸ்திதான்."

காலி மரம்

மாசியில் ஒருநாள் காலையில் போய்ப் பார்த்தால் மரத்தில் ஒன்றுகூட இல்லை. அத்தனையும் பறந்துவிட்டன. சந்தோஷப்பட வேண்டியவன், வேலை இல்லாத பயல் மாதிரி அடியில் உட்கார்ந்திருந்தேன். தனபாலண்ணன் அந்த வழியாக வந்தார். காய்ந்த கரும்பை அடிமாட்டு விலைக்குப் போட்டவர், அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசினதில்லை. என் பக்கத்தில் நின்று, அண்ணாந்து பார்த்து, நிஜமாகவே கோபமாகச் சொன்னார்: "பாத்தீங்களா வாச்சரே, போறதுக்கு மின்னாடி ஒரு வார்த்த சொல்லிக்கினு போச்சா?"

பதினோரு வருஷம் நாரைக்குக் காவல் இருந்தேன் என்று ஊரில் சொல்லிக்கொள்கிறேன்; ஆனால் அந்த உத்தியோகத்தில் நான் உருப்படியாகக் காத்தது மூன்று மாட்டு வண்டியைப் பற்றிச் சொன்ன ஒரு பொய்யை மட்டும்தான்.