காப்புக் கயிற்றோடு ஒரு நேர்காணல்

கச்சிராயபாளையம் பேருந்தில் ஒரு கை வந்து எனக்கு முன்னாலிருந்த கம்பியைப் பிடித்தது. மணிக்கட்டில் மஞ்சளில் தோய்த்த கயிறு. முடிச்சில் வேப்பிலை, இன்னும் ஈரம். அந்த வாசனையில் நான் இறங்க வேண்டிய நிறுத்தம் போய்விட்டது. யாருடைய கை என்று ஏறிட்டுப் பார்க்கவில்லை. பார்த்தால் வேறு யாராகவோ இருந்துவிடும்.

மற்றவர்களுக்கு அது திருவிழா வாசனை. எனக்கு, சன்னல் அடைத்த ஒரு குளிர்சாதன அறையின் வாசனை.

எங்கள் பல்கலைக்கழகத் தமிழ்த்துறையில் நீளமாக ஒரு மேசை உண்டு. அதன் கடைசி முனையில் நான், பக்கத்தில் அவர். மணிக்கணக்குக்கு வந்து பாடம் எடுத்த தற்காலிக ஆசிரியை, கல்வராயன் மலைக்காரர். மலையிலிருந்து வந்து எங்கள் துறையில் பாடம் நடத்திய ஒரே ஆள். நான் கள்ளக்குறிச்சிக் கடைத்தெரு முஸ்லிம் குடும்பம். நானும் ஒரே ஆள். மேசையில் மற்ற எல்லாருக்கும் பட்டம் இருந்தது, பதவி இருந்தது. எனக்குப் பேர் 'பாய்'. அவருக்குப் பேர் 'மலை'.

"இன்னா மலை, கீழ எறங்கிட்டியா? மேல குளுரா?" என்பார் துறைத்தலைவர்.

"குளுருதாங்க. ஒரு நாள் வாங்க, போர்வையோட," என்பார் அவர். சிரிப்பு எழும். அவர் சிரிக்கிறாரா என்று நான் மட்டும் பார்ப்பேன்.

ஆய்வுக்குழு எப்போது வந்தாலும் வாசலில் ஒரு புகைப்படம் எடுப்பார்கள். "பாயும் மலையும் முன்வரிசைக்கு வாங்க" என்று குரல் வரும். எல்லாச் சமூகமும் இங்கே இருக்கிறது என்று காட்ட நாங்கள் இருவர் போதுமானவர்களாக இருந்தோம். படம் எடுத்து முடிந்ததும் பழையபடி மேசை முனைக்கு வந்துவிடுவோம்.

மலையிலிருந்து வரும் பிள்ளைகள் முதல் வருடம் கடைசி பெஞ்சில் ஒட்டிக்கொண்டு உட்காருவார்கள். வாயைத் திறந்தால் பேச்சு வழக்கைச் சொல்லிச் சிரிப்பார்கள் என்று வாயைத் திறக்க மாட்டார்கள். இரண்டாம் வருடம் அந்தப் பெஞ்சில் யாரோ பையை வைத்திருப்பார்கள். அவர் வகுப்பில் மட்டும் அந்தப் பெஞ்சு பேசியது. தாழ்வாரத்தில் போகும்போது கேட்டிருக்கிறேன், சண்டைகூடப் போட்டது.

அப்போதுதான் நிரந்தர வேலை ஒன்று வந்தது. அவருக்குக் கிடைத்தால் அந்தப் பெஞ்சு பிழைத்துக்கொள்ளும். எனக்கும் பக்கத்தில் ஒரு நாற்காலி நிலைக்கும். மறைப்பானேன், அந்த ஆசையும் இருந்தது.

நேர்காணல் அவர் ஊர்த் திருவிழாவுக்குப் பிறகு என்றுதான் முதலில் சொன்னார்கள். அதை நம்பி மலை ஏறினார். பிறகு யாரோ ஒருவரின் வசதிக்காகத் தேதியை முன்னால் இழுத்தார்கள். மேலே ஒரு பாறைமேல் நின்றால்தான் தொலைபேசி எடுக்கும். விடாமல் அழைத்து, பொழுது சாயும் நேரத்தில் பிடித்தேன்.

"அண்ணா, காப்பு கட்டிட்டாங்க."

எனக்குப் புரியவில்லை. பொறுமையாகச் சொன்னார். காப்பு கட்டும்போது ஊருக்குள் இருந்தவர்கள் திருவிழா முடியும்வரை எல்லை தாண்டக் கூடாது. தாண்டினால் சாமி இறங்கித் திருவிழா முடியும்வரை திரும்ப உள்ளே விட மாட்டார்கள்.

"இந்த வருசம் முதக் கூழு எங்கம்மா ஊத்தறாங்க. எத்தினி வருசமா கேட்டுக்கினு இருந்தாங்க தெரியுமா? நான் தாண்டினா அவங்களுக்கும் கெடையாதுண்ணா."

துறைத்தலைவரிடம் ஓடினேன். "பாய், மலையில கூழு காய்ச்சற வரைக்கும் பல்கலைக்கழகம் காத்துக்கினு இருக்குமா?" என்றார். திருநாவலூர்ப் பக்கம் அவர் ஊரில் காப்புக் கட்டியபோது துறையின் தேர்வையே தள்ளிவைத்தவர் அவர். ஞாபகப்படுத்தினேன்.

"அது ஊர்ப் பழக்கம் பாய். உங்களுக்கு இதெல்லாம் புரியாது."

மறுநாள் காலை, நேர்காணலுக்கு மலையிலிருந்து இறங்கி வந்து துறை வாசலில் நின்றார். தேய்த்த புடவை, செருப்பில் செம்மண், மணிக்கட்டில் மஞ்சள் கயிறு.

"அம்மா என்ன சொன்னாங்க?"

"வாய் போன்னுச்சு. மூஞ்சி ஒண்ணும் சொல்லல."

தேர்வுக்குழுவில் சிறுபான்மைப் பிரதிநிதி ஒருவர் உட்கார வேண்டும் என்பது விதி. அதனால் நானும் உள்ளே இருந்தேன். அவர் வந்து உட்கார்ந்ததும் அறை முழுக்க மஞ்சளும் வேம்பும் மணத்தது.

குழுத்தலைவர் முகம் மலர்ந்தது. "கல்வராயன் மலையாம்மா? சுத்தமான தேன் இப்பவும் கிடைக்குதா?"

"கிடைக்குதுங்க."

"கடுக்காய்?"

"அதுவும் கிடைக்குதுங்க."

"ஒரு மலைப்பாட்டு பாடேன், கேப்போம்."

"பாட்டு வராதுங்க. என் ஆய்வு யாப்பிலக்கணம். அதுல கேளுங்க, சொல்றேன்."

நான் கேட்டேன். வெண்பாவின் ஓசையில் ஆரம்பித்து அவர் ஏறத் தொடங்கினார். கொண்டை ஊசி வளைவுகளில் மூச்சு வாங்காமல் ஏறுகிறவர்களின் பேச்சு அது. பாதியில் குழுத்தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். "போதும்மா. அது என்ன கையில?"

ஒளிக்கத் தெரியாதவர். அப்படியே சொன்னார், காப்பு, எல்லை, தாண்டி வந்தது. சொன்னால் மதிப்பார்கள் என்று நினைத்திருக்க வேண்டும். அவர் எழுந்து போனதும் துறைத்தலைவர் நாற்காலியில் சாய்ந்தார்.

"சாமிக் காப்பையே மதிக்காம வந்துட்ச்சே சார். நம்ம கட்டுப்பாட்டுக்கு மட்டும் அடங்குமா?"

வந்திருக்காவிட்டால் திருவிழாவை விட வேலை பெரிதில்லை போலிருக்கிறது என்றிருப்பார். அதையும் சொன்னேன். யாரோ குளிர்சாதனத்தைக் குறைக்கச் சொன்னார்கள்.

வேலை கிடைத்தவர் நல்ல மனிதர்தான். மேசையில் ஏற்கெனவே இருந்தவர்களைப் போலவே இருந்தார். வந்து உட்கார்ந்த அன்று யார் புதியவர் என்று தேட வேண்டியிருந்தது. நிரந்தர ஆள் வந்துவிட்டதால் கயிறு கட்டி வந்தவருடைய மணிக்கணக்கு வகுப்புகளும் போயின.

வேலையும் இல்லை, ஊரும் இல்லை. திருவிழா முடியும்வரை எங்கள் வீட்டில் தங்கினார். என் மனைவி அவருக்கு ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லவில்லை; அரிசி பொறுக்கச் சொன்னாள், பூண்டு உரிக்கச் சொன்னாள். அது நல்லதாகப் போயிற்று. கயிற்றை மட்டும் அவர் அவிழ்க்கவில்லை. அதை ஊரில் அவிழ்க்க வேண்டும். பூண்டு உரித்த கையில் மஞ்சள் வெளுத்துக்கொண்டே வந்தது. மலையில் முதல் கூழை வேறு யாரோ ஊற்றினார்கள்.

சாமி இறங்கிய செய்தி வந்த பிறகு, வெள்ளிமலைப் பேருந்தில் ஏற்றிவிடப் போனேன். சன்னலோரம் உட்கார்ந்தார். அடுத்த அறிவிப்பு வந்தால் சொல்கிறேன் என்றேன். தலையசைத்தார், ஒரு குழந்தையின் பொய்யை ஒத்துக்கொள்வதுபோல.

"கடைசி பெஞ்சுப் பசங்க கேட்டா என்ன சொல்றது?"

"கேக்க மாட்டாங்கண்ணா. வரமாட்டாங்க."

ஓட்டுநர் ஏறினார். வண்டி உறுமியது. அவர் கம்பிக்கு வெளியே அந்தக் கையை நீட்டினார்.

"இனிமே போட்டோவுல நீங்க ஒண்டிதாண்ணா. நல்லா சிரிங்க."