லாஞ்சுக்காக விட்ட இடம்

போன ஞாயிற்றுக்கிழமை கொச்சி மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் ஒரு காபிக் கடைக்குள், அத்தனை பேருக்கு நடுவில், பாதி எழுந்து நின்று மகளிடம் திட்டு வாங்கினேன். அந்தக் கதைக்கு வருவதற்கு முன்னால் கடையின் வாசனையைச் சொல்லிவிடுகிறேன். சுவருக்கு வெள்ளையடித்திருக்கிறார்கள், உத்தரத்திலிருந்து செடிகளைத் தொங்கவிட்டிருக்கிறார்கள், காபிக்கு அநியாய விலையும் வைத்திருக்கிறார்கள். ஆனாலும் அடியில் சுக்கு மணக்கிறது. எத்தனை தடவை கழுவினாலும் அது போகாது. நாங்கள் வேலை பார்த்த சுக்குக் கிடங்கு அது.

அன்சாரின் ‘கிடங்கு’ ஆல்பத்தை நீங்களும் கேட்டிருப்பீர்கள். கேட்காமல் இருக்க யார் விடுகிறார்கள்? என் மகள் சாஹிரா காலையில் பல் தேய்க்கும்போதும் அதைத்தான் கேட்கிறாள். சென்னையில் தொடங்கி, கோயம்புத்தூர், பெங்களூர் என்று சுற்றி, கடைசியாக இங்கே இடப்பள்ளியில் வந்து பாடப்போகிறானாம். அதற்கு முன்னால் ரசிகர்கள் ஊர் ஊராக ஒன்றுகூடி, போனை அணைத்து வைத்துவிட்டு, முழு ஆல்பத்தையும் கேட்கிறார்களாம். அப்படித்தான் சாஹிரா என்னையும் அந்தக் காபிக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள். “எங்க அத்தா அன்சாரோட ஒண்ணா வேல பாத்தவரு” என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னாள். அருங்காட்சியகத்துப் பொருள் போல நானும் சிரித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

அந்தக் கிடங்கில் என் வேலை மூட்டைகளில் மார்க் போடுவது. எழுத்து வெட்டிய தகட்டை வைத்துக் கறுப்பு மையைத் தடவ வேண்டும். என் கல்யாண போட்டோவில்கூட விரல்கள் கறுப்பாகத்தான் இருக்கும். மருதாணி அதிகமாகிவிட்டது என்று மாமியார் வீட்டில் சமாளித்தேன். ஜமால் எடை போடுவான். அன்சார் வெளிநாட்டுக்காரர்களுக்கு அனுப்பும் சாம்பிள் பொட்டலங்களைக் கட்டுவான். சுக்கு தரம் பிரிக்கும் பெண்களுக்கு மேற்பார்வை ரோஸி சேச்சி. மத்தியானச் சாப்பாட்டுக்கு நாங்கள் நான்கு பேரும் மாடிக்குப் போய் மூட்டைகள் மேல் உட்காருவோம். சாப்பிட்டு முடித்ததும் அன்சார் பாடுவான். எல்லாம் அவனே எழுதி, அவனே மெட்டுப் போட்டவை. மூட்டைகளுக்கு நடுவில் குரல் எதிரொலிக்காது. காதோரம் வந்து சொல்வது போல இருக்கும்.

அவன் எழுதியது கொச்சித் தமிழர்களான எங்கள் வீட்டுத் தமிழில். எழுத்து மட்டும் மலையாளம். எங்களில் பாதிப்பேர் அப்படித்தான், பேசுவது ஒன்று, எழுதுவது ஒன்று. பொள்ளாச்சியில் என் பெரியம்மா பிள்ளைகள் நான் வாயைத் திறந்தாலே சிரிப்பார்கள். இப்போது அதே தமிழைச் சென்னைக்காரர்கள் பத்திரிகைகளில் ‘புது வாசம்’ என்று பாராட்டுகிறார்கள். படித்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது, கொஞ்சம் எரிச்சலும் வந்தது.

ரோஸி சேச்சிக்குத் தமிழ் அவ்வளவாக வராது. கண்ணைத் துடைத்துக்கொண்டே, “ஒண்ணும் மனசிலாயில்ல. இனியொண்ணு பாடு” என்பாள். அவளைவிடப் பெரிய விமர்சகரை நான் இன்றுவரை பார்த்ததில்லை.

சாப்பாட்டு நேரம் முடிவதை எங்களுக்குச் சொல்வது கடிகாரம் அல்ல, லாஞ்ச். கிடங்கின் பின்பக்கம் காயல். மூட்டைகளைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோகும் அந்த மோட்டார் படகு அங்கே வந்து நின்று ஹார்ன் அடிக்கும். முதலில் நீளமாக ஒன்று, பிறகு குட்டையாக ஒன்று. மாடிப் பலகையே அதிரும். அதன் மேல் யாரும் பாட முடியாது. அதனால் அன்சார் தினமும் கடைசியாகப் பாடும் ஒரு பாட்டைப் பாதியில் நிறுத்திக்கொள்வான். நாங்கள் பயந்து எழுவோம். அவன் சோற்றுப் பாத்திரத்தின் மூடியில் விரலால் இரண்டு தட்டுத் தட்டுவான். ‘உட்காருங்கள், இன்னும் கொஞ்சம்தான்’ என்று அர்த்தம். உட்காருவோம். மிச்சத்தை அவன் அவசர அவசரமாகப் பாடி முடிப்பான். அதற்குள் கீழேயிருந்து மேஸ்திரி, “மேலே என்னடா, நிக்காஹ் நடக்குதா?” என்று கத்துவார்.

நாளாக ஆக ஹார்ன் இல்லாமல் அந்தப் பாட்டு முடியாது என்றாகிவிட்டது. ஹர்த்தால் நாளிலோ தண்ணீர் வற்றிய நாளிலோ லாஞ்ச் வராது. அன்சார் அந்த இடத்தில் நிறுத்திவிட்டு ஜமாலைப் பார்ப்பான். ஜமால் இரண்டு கையையும் குவித்து, “பூஊஊம்… பும்” என்று ஊதுவான். லாஞ்ச் அளவுக்கு இழுக்க அவனுக்கு மூச்சு ஏது? அன்சார் அதற்குக் கொசு லாஞ்ச் என்று பெயர் வைத்தான். சேச்சி மட்டும் விட்டுக்கொடுக்கமாட்டாள். “ஜமாலின்டே லாஞ்சாணு நல்லது. டீசல் மணமில்ல” என்பாள்.

பிறகு அன்சார் சென்னைக்குப் போனான். முதலில் வாரம் ஒரு போன், அப்புறம் பெருநாளுக்கு ஒரு போன், அப்புறம் அதுவும் இல்லை. நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நானே யாருக்குப் போன் செய்கிறேன்? ஜமாலால் அப்படி இருக்க முடியவில்லை. அவனும் அன்சாரும் ஒரே சட்டையை மாற்றி மாற்றிப் போட்டவர்கள். ஒருநாள் ஜமாலின் பலசரக்குக் கடை டிவியில் அன்சாரின் பேட்டி வந்தது. “எனக்கு யாரும் சொல்லித் தரல. தனியா உக்காந்து பாடிப் பாடிக் கத்துக்கிட்டேன்” என்றான். ஜமால் டிவியை அணைத்தான்.

“தனியாவாம்! அப்ப நாம யாருடா, சுக்கு மூட்டையா?”

அன்றிலிருந்து அவன் கடையில் அன்சார் பெயரை எடுக்கக்கூடாது. இடப்பள்ளிக் கச்சேரிக்கு டிக்கெட் எடுக்கட்டுமா என்று கேட்டதற்கு, வெல்லம் நிறுப்பதில் ரொம்ப மும்முரமாகிவிட்டான். அவன் வராமல் எனக்குப் போக மனமில்லை. நாங்கள் போட்டு மிதித்த பலகைக்கடியில்தான் இப்போது காபி குடிக்கிறார்கள், தெரியுமாடா என்று சொல்ல எனக்கும் வேறு யார் இருக்கிறார்கள்?

காபிக் கடையில் அந்தப் பாட்டுதான் கடைசியாக வந்தது. நடுவில் திடீரென்று ஒரு மௌனம். பிள்ளைகள் எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். என் உடம்பு என்னைக் கேட்காமலேயே எழுந்துவிட்டது. லாஞ்ச் வந்துவிட்டதல்லவா!

“எந்தா அத்தா இது? உக்காருங்க, ஆளுங்க பாக்குறாங்க!”

சாஹிரா சொல்லி முடிப்பதற்குள் பாட்டுக்குள் தகரத்தின் மேல் இரண்டு தட்டு கேட்டது. நான் உட்கார்ந்துவிட்டேன். மௌனம் கொஞ்சம் குட்டையாக இருக்கிறதே, வெட்டிவிட்டார்களோ என்று மட்டும் தோன்றியது.

முடிந்ததும் ஒரு தாடிக்காரப் பையன், அந்த மௌனம் மரணம் என்றும், இரண்டு தட்டு மறுபடி துடிக்கும் இதயம் என்றும், அதனால்தான் கடைசி அடிகளில் வேகம் கூடுகிறது என்றும் விளக்கினான். வேகம் மேஸ்திரிக்குப் பயந்து வந்தது தம்பி என்று நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் முதலில் ஜமாலுக்குச் சொல்ல வேண்டும்.

மறுநாள் காலை அவன் கடைக்குப் போய், போனைத் தராசுக்குப் பக்கத்தில் வைத்துப் பாட்டைப் போட்டேன். ஜமால் முகத்தைத் திருப்பிக்கொண்டான், ஆனால் நிறுத்தச் சொல்லவில்லை. மௌனம் வந்தது. அவன் கை மிளகுச் சாக்கிலிருந்து தானாக எழுந்து குவிந்தது.

“பூஊஊ…”

பாதியில் இருமல் வந்துவிட்டது. மிச்சத்தை நான் ஊதினேன். ‘பும்’ என்று நான் முடிக்கவும் போனிலிருந்து இரண்டு தட்டு வந்து விழவும் சரியாக இருந்தது. பருப்பு வாங்க வந்த அம்மா இரண்டு கிழவர்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

ஜமால் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்தான்.

“இது லாஞ்ச் அளவில்லடா. லாஞ்ச் இன்னும் நீளும்” என்றான். “இது என் மூச்சு.”

பிறகு, “சேச்சிக்கும் சேத்து டிக்கெட் எடு” என்றான்.

சேச்சி ஆலுவாவில் மகள் வீட்டில் இருக்கிறாள். போனில் சொன்னதும், “ஜமால் ஊதுமோ?” என்றுதான் முதலில் கேட்டாள். அவன் தினமும் கடை திறந்ததும் ஊதிப் பார்க்கிறான். சரக்கெல்லாம் லாரிக்கு மாறியதும் லாஞ்ச் நின்றுபோனது. அது வந்து நின்ற படித்துறையைச் சேறு மூடிவிட்டது. பாட்டுக்குள் அந்த இடம் மட்டும் அன்றைக்கு விட்ட அளவிலேயே இருக்கிறது. அதை நிரப்ப ஜமாலுக்கு இப்போது மூச்சுப் போதவில்லை, அதனால் இடப்பள்ளியில் நானும் அவன் பக்கத்தில் உட்கார வேண்டும்.